வாசலுக்கு வந்தவர்

(மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கிராமம் ஒன்றின் வாசிகசாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, பின்னால் நிற்கிற தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம். குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவைப் படகேறி, வாவியைக் கடந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். இந்த வெயிலில் வந்ததற்கு நன்றி.

"இவ்வளவு குற்றச்சாட்டு இருந்தும் அந்த ஆளுக்கு ஏன் வாக்குப் போடுகிறார்கள்?" இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. முப்பது வருடம் குடியியல் படிப்பித்தவன் நான். தேர்தல் கடமையும் பல தடவை செய்திருக்கிறேன். இந்தக் கேள்வியை நகரத்தில்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். கேட்பவரின் குரலிலேயே பதிலும் இருக்கும்: சனத்துக்கு விளக்கமில்லை, சாராயத்துக்கும் காசுக்கும் போடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு வீட்டுத் திண்ணையில் மாறியது.

இங்கிருந்து உள்ளே, காட்டோரக் கிராமம் ஒன்று. என்னிடம் படித்த பிள்ளை ஒருவனின் தாய். வயற்காவலுக்குப் போன புருஷனை யானை அடித்துவிட்டது. வீட்டுச் சுவரில் முருகன் கலண்டருக்குப் பக்கத்தில் ஓர் அரசியல்வாதியின் படம் தொங்கியது. பெயர் வேண்டாம். "தங்கச்சி, இவரைப் பற்றி என்னவெல்லாம் சொல்கிறார்கள், படத்தையும் மாட்டி வைத்திருக்கிறியே?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு சொப்பிங் பேக்கை எடுத்துவந்து, பாயில் கொட்டினாள். மரணச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், அடையாள அட்டைப் பிரதி. மடித்து மடித்து மடிப்பு கிழிந்த கடதாசிகள். நட்டஈட்டுக்காக ஒரு கந்தோருக்கு ஆறு தடவை போயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பஸ், ஒரு நாள் கூலி நட்டம். ஐயா லீவு. கடிதத்தில் சீல் இல்லை. அடுத்த கிழமை வாங்கோ. ஏழாம் தடவை அவள் போகவில்லை. அந்தத் தலைவரின் ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்து, கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தொலைபேசியில் யாருடனோ கதைத்தார். அடுத்த மாதம் காசு வந்தது.

"அவர் என்ன செய்தாரோ, அது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும் சேர். நான் ஆறு தரம் போனன். ஒருத்தரும் இருங்க என்டு சொல்லல்ல. மறுகா அந்தத் தம்பி வந்து இந்தப் பாயில இருந்தார்."

காசைப் பற்றி அவள் முதலில் பேசவில்லை, பாயில் இருந்ததைத்தான் சொன்னாள். அந்தக் காசு அரசாங்கத்தின் காசு, சட்டப்படி அவளுக்கு வரவேண்டியது. ஆறு தடவையும் அதைக் கையில் கொடுக்காமல் திருப்பி அனுப்பியதால், உரிமையாக வரவேண்டியது ஒருவரின் உபகாரமாக வந்து சேர்ந்தது. உபகாரமென்றால் கடன். அந்தக் கடனைத் தீர்க்க அவள் கையில் இருப்பது ஒரு வாக்குத்தான்.

செஞ்சோற்றுக் கடன் நமக்குப் புதிய சொல்லா? பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவிலில் பாரதக் கதையை ஆண்டுதோறும் நடத்திக்காட்டுகிற சனம் நாம். கர்ணன் நிற்பது பிழையான பக்கம் என்று தெரிந்தும், கூத்துக் களரியில் அவன் விழும்போது அழுகிறோம். சபையில் தன்னை ஆளாக மதித்தவனை அவன் விட்டுப்போகவில்லையே என்றுதான் அந்த அழுகை. வயற்சொந்தக்காரரான போடியாருக்கும் அவர் வயலில் வேலை செய்கிற முல்லைக்காரனுக்கும் இடையில் இருந்த கட்டும் அதே மாதிரிதான். கூலி குறைவு என்று முல்லைக்காரனுக்குத் தெரியும். மகளின் கலியாணத்துக்கு நெல் தந்தது யார் என்பதும் தெரியும்.

சரி, இப்போது எல்லாரும் மனதில் வைத்திருக்கிற விசயத்துக்கு வருகிறேன். 2020 ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் முன்னாள் கிழக்கு மாகாண முதலமைச்சர் பிள்ளையான் என்ற சிவநேசதுரை சந்திரகாந்தன் விளக்கமறியலில் இருந்தபடியே போட்டியிட்டு 54,198 விருப்பு வாக்குகள், அதாவது கட்சியின் வேட்பாளர்களில் தனக்கென்று விழுந்த வாக்குகள், எடுத்தார். மட்டக்களப்பில் அதுதான் ஆகக் கூடியது. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், புனித மரியாள் பேராலயத்துக்குள் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் அவர் சந்தேகநபராக இருந்தார். குற்றச்சாட்டை மறுத்தார். அந்தத் தேர்தல் முடிவை வைத்து "மட்டக்களப்பே அவர் பின்னால்" என்று வெளியில் எழுதினார்கள். அது கணக்கிலேயே பிழை. மாவட்டத்தில் நான்கு இலட்சத்துக்கு மேல் வாக்காளர். ஏழு எட்டுப் பேரில் ஒருவர் அவருக்குப் புள்ளடி போட்டிருக்கிறார். விருப்பு வாக்கு முறையில், விட்டுப்போகாத ஒரு கூட்டம் போதும். மற்ற வாக்குகள் பல கட்சிகளுக்கும், அந்தக் கட்சிகளுக்குள்ளே பல பேருக்கும் சிதறிப்போகும்.

ஆனாலும் அந்த ஐம்பத்து நாலாயிரம் பேரைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. வழக்கைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர்கள் பார்த்த வரிசையை நீங்களும் ஒருமுறை பாருங்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது, ஒக்டோபரில் கைது. 2019 நவம்பரில் மறுபடி ஆட்சி மாறியது. வழக்கைத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு சொல்ல, 2021 ஜனவரியில் நீதிமன்றம் விடுவித்தது. 2024இல் திரும்பவும் ஆட்சி மாற்றம். 2025 ஏப்ரலில் இன்னொரு கைது, 2006இல் கடத்தப்பட்ட கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ரவீந்திரநாத் தொடர்பாக. இதைப் பார்க்கிற ஒரு கமக்காரன் என்ன நினைப்பான்? குற்றம் நடந்ததா இல்லையா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. கொழும்பில் யார் கதிரையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் வழக்கு நடக்கிறது என்று முடிவெடுத்துவிடுகிறான். நீதி தாமதித்துத் தாமதித்து, குற்றச்சாட்டு என்ற சொல்லுக்கே இங்கே கனமில்லாமல் போயிற்று. அந்தப் பழியை நான் வாக்காளனின் தலையில் போடமாட்டேன்.

இது நம்மிடம் மட்டும் உள்ள நோய் என்றும் நினைக்கவேண்டாம். அதே 2020இல், வாக்களிப்புக்கு ஐந்து நாள் முன்னர், இரத்தினபுரியில் பிரேமலால் ஜயசேகரவுக்குக் கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிங்கள வாக்காளர்கள் ஒரு இலட்சத்துக்கு மேல் விருப்பு வாக்குப் போட்டு அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மேன்முறையீட்டில் 2022இல் விடுவிக்கப்பட்டார். அமெரிக்காவில் 2024 மே மாதம் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளியாகக் காணப்பட்ட டொனால்ட் டிரம்ப், அதே வருடம் நவம்பரில் ஜனாதிபதியாகத் தெரிவானார்.

எல்லா இடத்திலும் ஒன்று நடக்கிறது. தலைவரை ஏசுகிறவர்கள், அவருக்கு வாக்களிப்பவனையும் சேர்த்து ஏசுகிறார்கள். "முட்டாள் சனம்" என்று ஒருவர் சொல்கிற அந்த நிமிடத்தில் தலைவரும் வாக்காளனும் ஒரே வள்ளத்தில் ஏறிவிடுகிறார்கள். அதன்பிறகு தலைவர்மேல் விழுகிற ஒவ்வொரு கல்லும் தன்மேல் விழுந்ததாகவே இவனுக்குப் படும். நமக்கு இந்தக் காயம் இரட்டிப்பு. படுவான்கரையானை வாவியின் கிழக்குப் பக்கத்து எழுவான்கரை மதிப்பதில்லை, மட்டக்களப்பாரை யாழ்ப்பாணம் மதிப்பதில்லை என்ற மனக்குறை பழையது. அதற்குள் கிழக்கின் இனப்போட்டியும் சேர்கிறது. "நம்மட ஆள் ஒருவர் வேணும், முரடனாக இருந்தாலும் பரவாயில்லை" என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! பயந்துபோயிருக்கிற சனம் முரடனைத்தான் காவலுக்கு நிறுத்தும்.

இனி, கசப்பான பக்கத்தையும் பேசவேண்டும். இந்த விசுவாசத்துக்கு விலை உண்டு, அதைக் கொடுப்பதும் நாம்தான். 2020இல் புலிகளின் முன்னாள் கிழக்குத் தளபதி கருணா அம்மான் என்ற விநாயகமூர்த்தி முரளிதரன் அம்பாறையில் வாக்குக் கேட்டார். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தாமல் இழுத்தடித்த கோபம் அங்குள்ள தமிழ் மக்களிடம் இருந்தது. அது நியாயமான கோபம். தமிழ் வாக்குப் பிரிந்தது. ஏழு ஆசனமுள்ள திகாமடுல்லையில், அதாவது அம்பாறைத் தேர்தல் மாவட்டத்தில், ஒரு தமிழரும் தெரிவாகவில்லை. தேசியப் பட்டியலில் ஒருவர் போனார், ஆனால் அந்தச் சனம் தன் வாக்கால் அனுப்பிய தமிழர் ஒருவர் நான்கு வருடத்துக்கு மேல் பாராளுமன்றத்தில் இல்லை. 2024இல்தான் அந்த ஆசனம் திரும்பக் கிடைத்தது.

அதைவிடப் பெரிய விலை ஒன்று இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இந்த ஊரிலும் இருக்கிறார்கள், இந்தச் சபையிலும் இருக்கிறார்கள். யார் கூட்டிக்கொண்டு போனது, எந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனது என்பது வீட்டுக்கு வீடு வேறாக இருக்கும். பக்கத்து வீட்டில் தொங்குகிற படம், இந்தத் தாயின் நெஞ்சில் ஒவ்வொரு நாளும் ஏறி மிதிக்கிறது. நான் அந்தத் தங்கச்சியிடம் இதையும் கேட்டேன். அவள் கடதாசிகளை அடுக்கியபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அவங்கட வீட்டுக்கும் ஆராவது போய் இருந்திருக்கணும் சேர்" என்றாள். எனக்கு அந்தப் பதில் இன்றைக்கும் கனக்கிறது.

இந்தக் கட்டு அறுகிறதா என்றால், அறுகிறது. 2020இல் சிறையிலிருந்து முதலாவதாக வந்தவர் 2024 நவம்பரில் ஆசனத்தை இழந்தார். மாவட்டத்தின் ஐந்து ஆசனத்தில் மூன்று தமிழரசுக் கட்சிக்குப் போயிற்று. நாடு முழுக்க அடித்த தேசிய மக்கள் சக்தி அலையில், அந்தக் கட்சி முதலாவதாக வராத ஒரே மாவட்டமும் மட்டக்களப்புத்தான். இந்தச் சனத்துக்கு யோசிக்கத் தெரியாது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு தேர்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

ஆகவே, தலைவர்களைப் பற்றி நான் இனிப் பேசப்போவதில்லை. அந்தச் சொப்பிங் பேக்கைப் பற்றித்தான் பேச வந்தேன். அது இந்த ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. "என் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது?" என்று எழுதிக் கொடுத்தால், தகவலைத் தருவதா இல்லையா என்று கந்தோரின் தகவல் அதிகாரி 14 வேலை நாளுக்குள் முடிவெடுக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். இதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டாம், யாருடைய படத்தையும் மாட்டவேண்டாம். எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறோம். வருகிற சனிக்கிழமை காலை எட்டரைக்கு இந்த வாசிகசாலையைத் திறந்து வைத்திருப்போம். பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகளும் வந்தால் உதவியாக இருக்கும். பாய் விரித்திருக்கும். பேனை கொண்டு வாருங்கள், உங்கள் கடதாசிகளையும் கொண்டு வாருங்கள்.