மணற்கல்லின் துளைகளில் திடப்பொருள் உறைந்தால் கல் எவ்வளவு விறைக்கும்?

[காட்சி: நுவரெலியா, விடியற்காலை. ஜன்னல் திட்டில் இரண்டு கண்ணாடிக் கிளாஸ்கள்.]

வணக்கம். இரண்டு கிளாஸிலும் ஒரே ஆற்று மணல். மணல் மூழ்கும் வரை தேங்காய் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். ஒன்று இரவு முழுக்க இங்கேயே இருந்தது, மற்றதை இப்போதுதான் வெந்நீரில் வைத்து எடுத்தேன். தலைக்கு வைக்கவே எண்ணெய்ப் போத்தலை உருக்க வேண்டிய ஊர் இது, அதனால் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

[காட்சி: கிளாஸ்களைச் சரிக்கும் கை, மிக அருகில்.]

சூடானது வழிகிறது. உறைந்தது அசையவே இல்லை.

மணற்கல்லுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. ஒரு கல்லின் விறைப்பை இரண்டு விதமாகப் பார்க்கலாம்: எல்லாப் பக்கமும் அமுக்கினால் எவ்வளவு எதிர்க்கிறது, பக்கவாட்டில் நழுவத் தள்ளினால் எவ்வளவு எதிர்க்கிறது. விறைப்பை அளக்கும் அலகு கிகா பஸ்கால். தண்ணீர் அமுக்கத்தை ஏறத்தாழ 2.2 கிகா பஸ்கால் அளவுக்கு எதிர்க்கும்; நழுவலை எதிர்க்கவே எதிர்க்காது. அதனால் துளைகளில் தண்ணீர் நிறைந்தாலும் கல்லின் நழுவல் விறைப்பு மாறாது. துளைகளில் திரவம் நிறைந்த கல்லின் விறைப்பைக் கணக்கிட 1951 இல் புவியியற்பியலாளர் ஃபிரிட்ஸ் காஸ்மன் தந்த சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. நிலத்துக்குள் அதிர்வு அலைகளை அனுப்பி எண்ணெய், எரிவாயு தேடுகிறவர்களுக்கு இன்றும் அதுதான் அடிப்படை.

சரி, தண்ணீருக்குப் பதிலாக உப்பு படிந்தால்? கல்லுப்பின் அமுக்க விறைப்பு சுமார் 25, நழுவல் விறைப்பு சுமார் 15 கிகா பஸ்கால். இப்போது இரண்டுமே ஏறும். விறைப்பு ஏறினால் கல்லுக்குள் போகும் அதிர்வு அலைகளும் வேகமெடுக்கும்: அமுக்கித் தளர்த்திப் போகும் நெட்டாங்கு அலை, பக்கவாட்டில் அசைத்துப் போகும் குறுக்கலை இரண்டும். உப்பை வெறும் விறைப்பான திரவமாக நினைத்துக் காஸ்மன் சமன்பாட்டில் போட்டால் நழுவல் விறைப்பு பழையபடியே நிற்கும். அது தப்பு.

[காட்சி: மணற்கல்லின் வெட்டுமுகம், உருப்பெருக்கிப் படம். மணிகள் தொடும் இடத்தில் மயிரிழை இடுக்கு.]

இந்தப் படத்தில் கொஞ்சம் நில்லுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மணிகளுக்கு நடுவே தெரியும் பெரிய துளைகள்தான் முக்கியம் என்று தோன்றும். ஆனால் அவை சுலபத்தில் நசுங்காது. கல்லை அமுக்கும்போது முதலில் மூடிக்கொள்வது மணியும் மணியும் தொடும் இடத்திலுள்ள இந்த மெல்லிய இடுக்கு. மொத்தத் துளை அளவில் இதன் பங்கு அற்பம், கல்லைத் தளர்த்துவதிலோ இதுதான் பெரிய ஆள். இடுக்கில் திரவம் இருந்தால், மெதுவாக அமுக்கும்போது பக்கத்துப் பெரிய துளைக்கு ஓடித் தப்பிவிடும், அழுத்தமும் எங்கும் சமமாகிவிடும். காஸ்மன் எடுத்துக்கொண்ட நிலை அதுதான். திடப்பொருளுக்கு ஓட வழியில்லை. அங்கேயே நின்று முட்டுக்கொடுக்கும்.

ஆகவே எவ்வளவு நிரம்பியது என்பதைவிட எங்கே நிரம்பியது என்று கேட்பதே சரி. 2007 இல் சிஸ், ஷபிரோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் திடப்பொருளுக்கும் பொருந்தும்படி காஸ்மன் சமன்பாட்டை விரித்தார்கள். நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் மயிரிழை இடுக்குகள் உள்ள கல்லில் அது உண்மையான விறைப்பைவிடக் குறைத்தே காட்டும். ஆய்வுகூடத்தில் இதைச் சோதிக்க ஆக்டடெக்கேன் என்ற மெழுகைக் கல்லுக்குள் ஏற்றுகிறார்கள். 28 பாகை செல்சியஸில் உருகுவதால், ஒரே கல்லைத் திரவத்தோடும் திடத்தோடும் அளக்கலாம். தேங்காய் எண்ணெயின் வேலைதான், கொஞ்சம் சுத்தமாக.

[காட்சி: மலைச்சரிவில் வெளிறிய குவார்ட்சைட் பாறை.]

நம் மலைநாட்டில் மணற்கல்லைத் தேடி அலைய வேண்டாம். இங்குள்ளவை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள். ஆனால் இந்தக் குவார்ட்சைட் ஒரு காலத்தில் மணலாக இருந்தது. துளை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை, மணிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டுவிட்டன. சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும்.

மணற்கல் வேண்டுமென்றால் மன்னார்ப் படுகைக்குப் போக வேண்டும். 2011 இல் கடலடியில் எரிவாயு கண்டது அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு அலைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்: துளையில் தண்ணீருக்குப் பதில் வாயு இருந்தால் நெட்டாங்கு அலை தளரும், குறுக்கலை ஏறக்குறைய அப்படியே இருக்கும், உப்போ வேறு திடமோ அடைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறும்.