ஆபத்து வருமுன் அறிமுகமாகுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

2014 செப்டம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவில், கினி நாட்டின் தென்கிழக்கே வோமே என்ற கிராமத்துக்கு ஒரு குழு போனது. சுகாதார ஊழியர்கள், அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் எல்லோரும் இருந்தார்கள். இறந்தவர் உடலிலிருந்தும் தொற்றும் எபோலா என்ற கொடிய நோய் எப்படிப் பரவுகிறது என்று விளக்கத்தான் போனார்கள். அவர்களில் எட்டுப் பேரை அங்கேயே கொன்றுவிட்டார்கள்.

இந்தக் கொலைகளுக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால், ‘விவரம் தெரியாத ஜனங்கள், வதந்தியை நம்பிவிட்டார்கள்’ என்று சொல்லிக் கதையை முடிப்பதையும் நான் ஏற்க மாட்டேன். வோமே இருக்கும் காட்டுப் பகுதியின் இனங்கள் கினியில் சிறுபான்மையினர். சுதந்திரம் வந்த கையோடு அரசே இவர்களுடைய சடங்கு முகமூடிகளைப் பறித்தது. சடங்குகளை மூடநம்பிக்கை என்று தடுத்தது. அரை நூற்றாண்டு கழித்து, முகம் தெரியாதபடி கவச உடை போட்டவர்கள் வந்து, உங்கள் வீட்டுப் பிணத்தை எங்களிடம் கொடுங்கள் என்றால், யார்தான் நம்புவார்கள்?

அதே காட்டுப் பகுதியில்தான் இன்னொன்றும் நடந்தது. கிஸ்ஸி இனத்துக் கர்ப்பிணி ஒருவர் எபோலாவில் இறந்துபோனார். சிசுவை வயிற்றோடு புதைப்பது அவர்கள் வழக்கப்படி பெருங்குற்றம். வெளியே எடுத்தால் எடுப்பவருக்கு நோய் தொற்றும் என்று மருத்துவர்கள் மறுத்தார்கள். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. மருத்துவர்களின் குழுவில் இருந்த மானுடவியலாளர்தான் இதற்குப் பரிகாரம் ஏதும் உண்டா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்தார். உண்டு என்றார்கள். அதைச் செய்யத் தெரிந்த முதியவரைத் தேடிப் பிடித்தார்கள்; சடங்குச் செலவை உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்டது. அப்புறம் அந்தப் பெண்ணைப் பாதுகாப்பாக அடக்கம் செய்ய முடிந்தது.

இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. புதிய தொற்றுகளில் குறைந்தது 20 சதவீதம் அடக்கத்தின்போது ஏற்பட்டவை என்று அந்த நிறுவனமே அப்போது சொன்னது. 2014 நவம்பரில் இஸ்லாமிய, கிறிஸ்தவ அமைப்புகளோடு உட்கார்ந்து பேசி, அடக்கத்துக்கான புதிய நெறிமுறையை வெளியிட்டார்கள். இறந்தவர் முஸ்லிம் என்றால், உடலைத் தண்ணீரில் குளிப்பாட்டாமல் தயம்மும், அதாவது தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண்ணால் செய்யும் தூய்மைச் சடங்கு, செய்யலாம் என்று அதில் வழி இருந்தது. மார்க்கமும் காக்கப்பட்டது, உயிரும் காக்கப்பட்டது. இந்தப் பேச்சு, நோய் தெரியவந்த மார்ச்சிலேயே நடந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு மனசு பதறுகிறது.

பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். பலர் குடியேறிய குடும்பத்தினர். தப்பி வந்தவர்களுக்கு முதலில் கதவைத் திறந்துவிட்டது யார்? பக்கத்திலிருந்த அல்-மனார் மசூதி, தேவாலயங்கள், சமூகக் கூடங்கள். ஏனென்றால் அந்த மக்களுக்கு ஏற்கெனவே பழகிய இடங்கள் அவைதான்.

சரி, அப்படிப்பட்டவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? மூட்டை இறக்கவும் மொழிபெயர்க்கவும் கூப்பிடுகிறோம். முடிவெடுக்கும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உதவி மாநாட்டில் நன்கொடை நாடுகளும் பெரிய தொண்டு நிறுவனங்களும் ஒரு வாக்குக் கொடுத்தன: 2020க்குள் நிவாரண நிதியில் 25 சதவீதம் உள்ளூர் அமைப்புகளுக்குப் போய்ச் சேரும் என்று. போய்ச் சேரவில்லை.

தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். உங்கள் பகுதியில் எந்தச் சமூகம் உங்கள் படிக்கட்டை மிதித்ததே இல்லை என்று பாருங்கள். வெள்ளமோ நோயோ இல்லாத இந்தச் சமயத்திலேயே அவர்களைத் தேடிப் போங்கள். அவர்கள் யார் சொன்னால் கேட்பார்கள் என்று விசாரியுங்கள். அது ஒரு மருத்துவச்சியாகவும் இருக்கலாம். ஆபத்து வந்ததும் முதல் சில நாட்களுக்கான பணத்தை அவர்கள் கையெழுத்திலேயே எடுக்கும்படி இப்போதே ஒப்பந்தம் போட்டுவையுங்கள். கணக்கு எழுதத் தெரியாதென்றால், ஒருவரை அனுப்பிச் சொல்லிக்கொடுங்கள்.