ஏலக்காயின் மணம் தோலில் இல்லை

நேயர்களுக்கு வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், மழைக்காடுகளின் நிழலில் தானாக முளைத்து வளரும் செடி ஏலம். நறுமணப் பொருட்களின் ராணி என்று சொல்லிச் சொல்லி அந்தப் பட்டத்தையே பழசாக்கிவிட்டோம். நான் பேச வந்தது அதன் எண்ணெயைப் பற்றி.

முதலில் செடி. இஞ்சி, மஞ்சள் குடும்பம்தான். தட்டைகள் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். ஆனால் பூவும் காயும் மேலே இருக்காது. தூரிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில்தான் பூக்கும். தேனீ வந்தால்தான் நன்றாகக் காய் பிடிக்கும். போடி, கம்பம் பக்கமிருந்து ஜீப்பில் ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குக் காய் எடுப்புக்குப் போகும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதற்குக் காய் தரையோரம் இருப்பதுதான் காரணம்.

தோட்டம் என்று ஒன்று வருவதற்கு முன்னால் காட்டிலிருந்துதான் ஏலம் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் குடகு மலையில் ஒரு வழக்கம் இருந்தது. அடர்ந்த காட்டில் ஒரு பெரிய மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். வெளிச்சம் தரையில் விழும், மண்ணும் கிளறப்படும். யாரும் விதைக்காமலே அந்த இடத்தில் ஏலக் கன்றுகள் எழும்பும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதே செடி கடல் தாண்டி குவாத்தமாலாவுக்குப் போனது. இன்று ஏலக்காய் ஏற்றுமதியில் அந்த நாட்டின் பெயர்தான் முன்னால் நிற்கிறது.

சரி, மணம் எங்கே இருக்கிறது? கடையில் பச்சைப் பசேல் என்ற காயைத்தான் தேடுகிறோம். வியாபாரமும் நிறத்துக்கும் பருமனுக்கும்தான் விலை வைக்கிறது. பச்சை என்பது தோலில் இருக்கும் பச்சையம், அவ்வளவுதான். தோலில் எண்ணெய் இல்லை என்றே சொல்லலாம். உள்ளே இருக்கும் விதைகளின் மேல்தோலுக்கு அடியில் ஒரே ஓர் அடுக்காகப் பெரிய செல்கள் இருக்கின்றன. எண்ணெய் முழுக்க அங்கேதான். அதனால்தான் உரித்த விதையும் அரைத்த பொடியும் சீக்கிரம் மணம் இழக்கின்றன. தோலுக்கு மணம் இல்லாவிட்டாலும், அதைவிட நல்ல டப்பா கிடையாது.

பூத்துச் சுமார் நான்கு மாதத்தில் விதை வெள்ளையிலிருந்து கறுப்புக்குத் திரும்பும். தோல் இன்னும் பச்சையாக, விதை கறுத்திருக்கும் அந்தப் பருவத்தில் எடுத்தால் நிறமும் உண்டு, எண்ணெயும் உண்டு. முந்தினால் எண்ணெய் குறையும். பிந்தினால் காய் பழுத்து, காயும்போது வெடிக்கும். பறித்த காயை ஸ்டோர் என்று சொல்லும் உலர்த்தும் கூடத்தில் 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உலர்த்துகிறார்கள். சூடு கூடினால் பச்சையும் மங்கும், எண்ணெயும் பறக்கும்.

ஆனால் எண்ணெய் வடிப்பவருக்கு நிறம் எதற்கு? வெடித்த காய், மங்கிய காய், ஏலம் விடும்போது விலை போகாத காய் எல்லாம் அவருக்குச் சம்மதம். தோலை நீக்கி, விதையை உடைத்து, பாத்திரத்தில் நிரப்பி, கீழிருந்து நீராவியை விடுவார்கள். நீராவி எண்ணெயைச் சுமந்துகொண்டு மேலே போய், குளிர்ந்த குழாயில் தண்ணீராக மாறும்; எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். நல்ல விதையாக இருந்தால் 100 கிலோவுக்கு 5 முதல் 8 கிலோ வரை எதிர்பார்க்கலாம். வாசனைப் பொருட்களில் இது தாராளமான கணக்குதான்.

அந்த எண்ணெயில் இரண்டு பேர்தான் பெரிய ஆட்கள். ஒன்று சினியோல்: யூகலிப்டஸ் தைலத்தில் மூக்கைத் திறக்கும் அதே பொருள். இன்னொன்று டெர்பினைல் அசிட்டேட்: இனிப்பும் பூவாசமும் இதனுடையது. மலபார் ரகத்தில் முதலாவது சற்றுத் தூக்கலாக, கற்பூர நெடியோடு இருக்கும். மைசூர் ரகத்தில் இரண்டாவது ஓங்கி இருப்பதால் மணம் மென்மையாகிறது. எனக்கு மைசூர்தான் பிடிக்கும். மலபார்க்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

வடிக்கும்போது சினியோல் முந்திக்கொண்டு வந்துவிடும், இனிப்பான பங்கு பின்னால்தான் வரும். விறகையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க அடுப்பைச் சீக்கிரம் அணைத்தால், கிடைப்பது மூக்கைத் துளைக்கும் காரமான எண்ணெய். வாங்குகிறவர்கள் ஒரு துளியைக் காகிதத்தில் விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி முகர்ந்து பார்ப்பது இதற்குத்தான். முதல் நெடி போன பிறகும் இனிப்பு தங்கினால் முழுக்க வடித்த எண்ணெயாக இருக்க வாய்ப்பு அதிகம்.