போர்க்காலத்தில் கணக்குக் கேட்பவர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

2022-ல் சூரியகாந்தி எண்ணெய் விலை திடீரென்று எகிறியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இந்தியா வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உள்ளே நுழைந்தது, ஒடேசா துறைமுகம் முடங்கியது, நம் அடுப்படி வரை அது எட்டியது. மருத்துவம் படிக்கப் போயிருந்த நம் பிள்ளைகளும் அப்போதுதான் மூட்டை கட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஓடிவந்தார்கள். அந்த நாட்டின் போர்முனை பற்றி நிறையக் கேட்டுவிட்டோம். நான் இன்று பேச வந்தது, தலைநகர் கீவில் உட்கார்ந்து அரசாங்கத்தின் கணக்கைச் சரிபார்க்கிறவர்களைப் பற்றி.

பொருளாதார உத்தி மையம் என்று அங்கே ஒரு சுதந்திரமான ஆய்வு அமைப்பு இருக்கிறது. தொடங்கியது 2015-ல். அந்த ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கிரிமியா தீபகற்பத்தை ரஷ்யா பறித்துக்கொண்டு ஒரு வருடம். கிழக்கே தோன்பாஸில் சண்டை. டாலருக்கு 8 ஹிரிவ்னியா என்றிருந்த நாணய மதிப்பு 20-ஐத் தாண்டிச் சரிந்தது. விலைவாசி ஒரே ஆண்டில் 40 சதவீதத்துக்கு மேல் ஏறியது. வீடு பற்றி எரியும்போது கணக்கு நோட்டை எதற்கு எடுக்கிறாய் என்று யாரும் கேட்கக்கூடிய நேரம் அது. அந்த நேரத்தில்தான் அவர்கள் அதை எடுத்தார்கள்.

அரசாங்கத்திலோ கட்சியிலோ அவர்கள் சேர்ந்தவர்கள் இல்லை. ஒரு சட்ட முன்வரைவு வந்தால் அதனால் யாருக்கு லாபம், யார் தலையில் செலவு விழும் என்று கணக்குப் போட்டு, சாதாரண மனிதருக்குப் புரியும்படி எழுதி, அமைச்சர்களிடமும் எம்.பி.க்களிடமும் வாதாடுவதே வேலை. இதைப் பெரிய வேலையாக நான் மதிக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

2022 ஏப்ரலில் உக்ரைன் அரசு இறக்குமதி வரிகளை நீக்கியது. கார்களுக்கும் சேர்த்து. போரில் வண்டியைப் பறிகொடுத்தவர்களுக்கும் படைக்கும் உதவும் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது. ஆனால் வரியில்லாமல் விலையுயர்ந்த கார்களும் சேர்ந்து வந்து இறங்கின. அதே மாதங்களில் கஜானா வறண்டு, மத்திய வங்கி பணம் அச்சிட்டுத்தான் அரசு செலவு நடந்தது. இன்னொன்றும் தெரிய வேண்டும். அப்போது வெளிநாடுகள் தந்த நிதியுதவியில் பெரும்பகுதியை ஓய்வூதியம், ஆசிரியர் சம்பளம் போன்றவற்றுக்குத்தான் செலவழிக்கலாம், போருக்குத் தொட முடியாது. படைவீரனின் சம்பளம் பெரும்பாலும் உள்நாட்டுப் பணத்திலிருந்துதான் போக வேண்டியிருந்தது. அப்படியென்றால் வரியில் விழும் ஒவ்வொரு ஓட்டையும் பதுங்குகுழியில் நிற்பவனின் சட்டைப்பையில் விழும் ஓட்டை. பொருளாதார அறிஞர்கள் இதை விடாமல் சொன்னார்கள். ஜூலை 1-ஆம் தேதி வரி திரும்ப வந்தது.

அப்புறம் முட்டைக் கதை. 2023 ஜனவரியில் ஒரு பத்திரிகையாளர் பாதுகாப்பு அமைச்சகத்தின் உணவு ஒப்பந்தத்தை வெளியிட்டார். கீவ் கடையில் 7 ஹிரிவ்னியாவுக்குக் கிடைத்த முட்டைக்கு ஒப்பந்தத்தில் 17 ஹிரிவ்னியா. தொழில்நுட்பப் பிழை என்று அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. துணை அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். உக்ரைனில் 2016-லிருந்தே அரசு கொள்முதல் பொதுவாக ப்ரோசோரோ என்ற மின்னணு ஏலத் தளத்தில் நடக்க வேண்டும் என்பது சட்டம். யார் வேண்டுமானாலும் விலையைப் பார்க்கலாம். போர் வந்ததும் அவசரம் கருதி அந்தக் கட்டாயம் தளர்ந்தது. சில மாதங்களுக்கு அதில் நியாயம் இருந்தது, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தளர்த்திய கயிற்றைத் திரும்ப இழுத்துக் கட்ட யாராவது நச்சரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த முட்டை விவகாரத்துக்குப் பிறகு, படைக்கு வாங்கும் உணவுப் பொருட்களின் விலையை வெளியிட வேண்டும் என்று சட்டமே வந்தது. இதை ஒரு அமைப்பு மட்டும் செய்துவிடவில்லை. பத்திரிகையாளர்கள், ஆய்வாளர்கள், தன்னார்வலர்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள்.

சரி, இவர்களுக்குச் சோறு போடுவது யார்? நியாயமான கேள்வி. இப்படிப்பட்ட அமைப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடையில் நடக்கின்றன. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு நிதியுதவியை நிறுத்தியபோது உக்ரைனில் ஏராளமான அமைப்புகள் ஒரே இரவில் தடுமாறின. ஒரு நாட்டின் மனசாட்சி வேறொரு நாட்டின் பட்ஜெட்டில் தொங்குவது ஆபத்தானது. உள்ளூர்ப் பணக்காரர்களிடம் வாங்கினால் மட்டும் சுதந்திரம் மிஞ்சுமா என்றால், அதுவும் சந்தேகம்தான். இதற்கு என்னிடம் சுலபமான விடை இல்லை. யாரிடம் வாங்கினோம் என்பதைப் பகிரங்கமாகச் சொல்வது குறைந்தபட்ச நேர்மை.

அந்த மையத்தின் வேலைகளில் என் மனதை அதிகம் தொட்டது அகதிகள் பற்றிய ஆய்வு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மட்டும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட உக்ரைனியர்கள் தஞ்சம் பெற்றிருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். திரும்பி வருவீர்களா என்று மையம் அவர்களிடம் மறுபடி மறுபடி கேட்டது. 2022 கடைசியில் நான்கில் மூன்று பேர் வருவோம் என்ற பக்கம் நின்றார்கள். 2024 கடைசியில் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. குழந்தை ஜெர்மன் பள்ளியிலோ போலந்துப் பள்ளியிலோ இரண்டு வகுப்பு முடித்துவிட்டது, அம்மாவுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. ஊர்ப்பாசம் குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. குண்டு நின்றால் மட்டும் அவள் திரும்பிவிட மாட்டாள். ஊரில் ஒரு வீடு வேண்டும், கட்டுப்படியாகும் சம்பளம் வேண்டும். அந்த வீட்டுக்கும் சம்பளத்துக்கும் இன்றைக்கே சட்டம் எழுதச் சொல்லித்தான், மின்சாரம் போன இரவுகளிலும் கீவில் சிலர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.