கிறிஸ்தவமும் பேகன் மரபுகளும்: உண்மையில் கைமாறியது எது?

[திரையில்: பழைய ரோமானிய நாட்காட்டியின் ஒரு பக்கம். டிசம்பர் 25க்கான வரி மட்டும் பெரிதாகிறது.]

கிறிஸ்துமஸ் தேதியைப் பேகன் மரபின், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய பல தெய்வ வழிபாட்டின், சூரியக் கடவுள் விழாவிலிருந்துதான் எடுத்தார்கள் என்று அடிக்கடி கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டால், கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது ஓர் ஆவணத்தில்தான். ரோமில் வாழ்ந்த ஒரு பணக்காரக் கிறிஸ்தவருக்காக 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட நாட்காட்டி அது. அசல் இன்று இல்லை. பிரதிகளைப் பார்த்து எடுத்த பிரதிகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

அதில் டிசம்பர் 25க்கு எதிரே உள்ள குறிப்பு இவ்வளவுதான்: வெல்லப்படாதவரின் பிறந்தநாள், 30 தேரோட்டப் பந்தயங்கள். சூரியன் என்ற பெயர்கூட அதில் இல்லை. அது சூரியனைத்தான் குறிக்கிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். அதே தொகுப்பில் மறைசாட்சிகளின், அதாவது நம்பிக்கைக்காக உயிர்விட்ட கிறிஸ்தவர்களின், நினைவு நாள் பட்டியலும் இருக்கிறது. அந்தப் பட்டியலின் முதல் வரியே, டிசம்பர் 25இல் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தார் என்பதுதான். இதன் மூலப் பட்டியல் 336ஐ ஒட்டியது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஆக, இரண்டு விழாக்களுக்கும் ஒரே தொகுப்புதான் சான்று. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதை இதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

274இல் பேரரசர் அவுரேலியன் ரோமில் சூரியனுக்குக் கோயில் அமைத்தது உண்மை. ஆனால் டிசம்பர் 25 விழாவைத் தொடங்கியவர் அவர்தான் என்று சொல்லும் சமகாலச் சான்று கிடையாது. ரோமானியர்களின் சாட்டர்னேலியா விழாவும் பொருந்தாது, அது டிசம்பர் 17இல் தொடங்கி 23க்குள் முடிந்துவிடும்.

[திரையில்: மார்ச் 25இலிருந்து டிசம்பர் 25 வரை ஒரு கோடு. அதன் கீழே ஏப்ரல் 6இலிருந்து ஜனவரி 6 வரை இன்னொரு கோடு.]

இன்னொரு வழியிலும் இந்தத் தேதி கிடைக்கிறது. இயேசு சிலுவையில் இறந்த நாள் மார்ச் 25 என்று 200ஐ ஒட்டியே, கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்தில், கணக்கிட்டிருந்தார்கள். இயேசு கருவில் உருவானதும் அதே நாளில்தான் என்று நம்பினார்கள். ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறையியலாளர் அகுஸ்தீன் இதை வெளிப்படையாகவே எழுதுகிறார். கிழக்கே சிலர் மரண நாளை ஏப்ரல் 6 என்று வைத்தார்கள். அங்கே பிறப்பு ஜனவரி 6இல் வருகிறது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அந்த நாளில்தான் கொண்டாடுகிறது. கிடைத்திருக்கும் எழுத்துகளை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்குதான் எங்களுக்கு வலுவாகத் தெரிகிறது.

அதற்காகச் சூரிய வழிபாட்டுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் போப் முதலாம் லியோ ஒரு கிறிஸ்துமஸ் மறையுரையில் கடிந்துகொள்கிறார்: புனித பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறும் கிறிஸ்தவர்கள், உள்ளே போகுமுன் திரும்பி நின்று, உதிக்கும் சூரியனுக்குத் தலைவணங்குகிறார்களாம்.

இணையத்தில் சுற்றும் மற்ற சில கூற்றுகளை இங்கேயே முடித்துவிடலாம். ஈஸ்டர் பாபிலோனியத் தெய்வம் இஷ்தாரின் விழா என்ற கதையைப் பரப்பியவர் 1850களில் எழுதிய ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஹிஸ்லாப். அதற்கு ஆதாரம் இல்லை. அலங்கரித்த கிறிஸ்துமஸ் மரம் பற்றிய பதிவுகள் 16ஆம் நூற்றாண்டு அல்சாஸ் பகுதியை ஒட்டித்தான் தொடங்குகின்றன. பேகன் காலத்திலிருந்து அறுபடாமல் வந்த வழக்கம் என்று காட்ட முடியாது. எந்தக் கூற்றைக் கேட்டாலும், அதைச் சொல்லும் மிகப் பழைய எழுத்து எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள். விழாவுக்கும் அந்த எழுத்துக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு இடைவெளி இருந்தால், கையில் இருப்பது பிற்கால ஊகம்தான்.

[திரையில்: 601. ரோமிலிருந்து கென்ட் வரை வரைபடத்தில் ஒரு பாதை.]

கைமாற்றம் உண்மையாகவே நடந்த இடத்துக்கு வருவோம். 601 ஜூனில் போப் முதலாம் கிரகரி, இங்கிலாந்தின் கென்ட் பகுதி அரசர் ஏதல்பெர்ட்டுக்கு எழுதுகிறார்: பேகன் கோயில்களை இடித்துவிடுங்கள். சில வாரங்களிலேயே மனம் மாறி, இங்கிலாந்துக்குப் பயணத்தில் இருந்த துறவி மெல்லிட்டஸுக்கு வேறு உத்தரவு அனுப்புகிறார். சிலைகளை அழியுங்கள், கட்டடத்தை விட்டுவிடுங்கள். புனித நீர் தெளித்து, பலிபீடம் கட்டி, புனிதர்களின் உடல் எச்சங்களை உள்ளே வையுங்கள். மாடுகளைப் பலியிட்டுப் பழகியவர்களிடம் அதை அடியோடு பிடுங்காதீர்கள். ஆலய அர்ப்பண நாளிலும் மறைசாட்சிகளின் நாளிலும் ஆலயத்தைச் சுற்றிக் கிளைகளால் பந்தல் போட்டு, மாடு அறுத்து, கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாப்பிடட்டும். காரணமும் சொல்கிறார்: உச்சிக்கு ஏறுகிறவர் ஒவ்வொரு படியாகத்தான் ஏற முடியும், தாவிப் போக முடியாது.

மாறாமல் நின்றவை இடமும் விருந்தும் கூட்டமும். யாரை வணங்குவது என்பது மட்டும் மாற வேண்டும் என்பது திட்டம். அது பிசகிய விதத்தையும் வரலாற்றாசிரியர் பீட் பதிவு செய்திருக்கிறார். கிழக்கு ஆங்கிலியா அரசர் ரெட்வால்ட் ஞானஸ்நானம் பெற்ற பிறகும், ஒரே கோயிலில் கிறிஸ்துவுக்கு ஒரு பலிபீடமும் பழைய தெய்வங்களுக்கு ஒரு சிறு பீடமும் வைத்திருந்தார். பல தெய்வங்களை வணங்கிப் பழகியவருக்கு, புதிதாக இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வதில் முரண்பாடே தெரியவில்லை. மற்றவர்களை விட்டுவிட வேண்டும் என்பதுதான் புரியாத செய்தி.

[திரையில்: சிராக்கூஸ் பேராலயத்தின் வெளிச்சுவர். கல்லுக்குள் பாதி புதைந்த டோரிக் தூண்கள்.]

கட்டடங்களில் வேறு சிக்கல். கிரேக்கக் கோயிலில் பலிபீடம் வெளியே, மக்கள் நிற்பதும் வெளியே. உள்ளறை தெய்வச் சிலைக்கு. கிறிஸ்தவ ஆலயத்திலோ மக்கள் உள்ளே கூட வேண்டும். சிசிலியின் சிராக்கூஸில் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அதீனா கோயிலைக் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஆலயமாக மாற்றியவர்கள் இதை எப்படித் தீர்த்தார்கள் என்பதை இன்றும் நேரில் பார்க்கலாம். வெளித்தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பி அடைத்தார்கள். உள்ளறையின் பக்கச் சுவர்களைக் குடைந்து வளைவுகள் திறந்தார்கள். உள்ளறை நடுக்கூடமாயிற்று, தூண் வரிசை நடைபாதை இருபுறமும் பக்கக்கூடமாயிற்று.

ரோமின் பழைய கோயிலான பாந்தியன் 609இல்தான் ஆலயமானது. பேரரசர் தியடோசியஸ் கோயில் வழிபாட்டைத் தடைசெய்த 391க்குப் பிறகு இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கோயிலை ஒரே நாளில் கைப்பற்றிச் சிலுவை நட்டார்கள் என்ற படம் இங்கே பொருந்தவில்லை.

[திரையில்: ஒரு சோப்புக்கல் அச்சு.]

டென்மார்க்கின் ட்ரென்ட்கோர்டனில் கிடைத்த இந்த அச்சு 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரே கல்லில் சிலுவைக்கும் குழி, வடநாட்டுப் பேகன் தெய்வமான தோரின் சுத்தியலுக்கும் குழி. உலோகத்தை உருக்கி ஊற்றியவர், வாங்க வருபவர் எந்தத் தெய்வத்தைக் கேட்டாலும் கொடுத்திருக்கிறார்.

அதே காலத்தையொட்டி, ஏறத்தாழ 1000இல், ஐஸ்லாந்தின் பொதுமன்றமான ஆல்திங்கில் கிறிஸ்தவர்களும் பேகன்களும் மோதும் நிலை வந்தது. தீர்ப்பு சொல்லும் பொறுப்பு பேகனாக இருந்த தோர்கெய்ரிடம் விடப்பட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் கிடந்து யோசித்தவர், எழுந்து வந்து நாடு முழுக்க ஒரே சட்டம், எல்லோரும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்றார். மூன்று விலக்குகளும் வைத்தார்: வளர்க்க விரும்பாத சிசுவை வெளியே விட்டுவிடுவது, குதிரை இறைச்சி தின்பது, சாட்சிகள் யாரும் பார்க்காதபடி வீட்டுக்குள் பலியிடுவது. பார்த்ததாகச் சாட்சி வந்தால் தண்டனை உண்டு. சில ஆண்டுகளிலேயே மூன்று விலக்குகளும் ரத்தாயின.