பாசத்துக்கு நூறு மைல்தான் எல்லையா?

(தலைப்பு: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) வீரர் குடும்பத்துக்கு அருகில் இருக்க வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால், காரணத்தை விசாரித்து அனுமதிக்க வேண்டுமா, கேட்காமலே விட வேண்டுமா? ‘கேட்காமலே விட வேண்டும்’ என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, வணக்கம்.

“காரணம் கேட்காமல் விட்டால் ஆளாளுக்குப் பாட்டிக்குக் காய்ச்சல் என்று கிளம்பிவிடுவார்கள்” என்றார் எதிரணித் தோழர். அவையும் கைதட்டியது. ஆனால், காரணம் கேட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்ததே! அப்போது என்ன நடந்தது என்று அவர் மூச்சுவிடவில்லை. எனக்கு மிச்சம் வைத்தார், நன்றி.

2021 ஏப்ரல் வரை நிலைமை இதுதான். அணி மாறிய ஃபுட்பால் வீரன் ஓர் ஆண்டு பயிற்சி செய்யலாம், போட்டியில் ஆடக்கூடாது. மொத்தம் கிடைப்பதே ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன். அதில் ஓர் ஆண்டு ஓரத்தில் உட்கார வேண்டும். உடனே ஆட வேண்டுமானால், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பிடம் விலக்கு கேட்டு மனுப் போட வேண்டும். வீட்டில் நோயாளி என்றால் அதற்கு ஒரு அளவுகோல் வைத்திருந்தார்கள்: புதிய பல்கலைக்கழகம் அந்த வீட்டிலிருந்து நூறு மைலுக்குள் இருக்க வேண்டும், நோயாளி நெருங்கிய குடும்ப உறுப்பினராக இருக்க வேண்டும்.

2019-இல் பிராக் ஹாஃப்மன் என்ற வீரர் கோஸ்டல் கரோலைனா பல்கலைக்கழகத்திலிருந்து வர்ஜீனியா டெக்குக்கு மாறினார். அம்மாவுக்கு மூளைக் கட்டி அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வீடு வட கரோலைனாவின் ஸ்டேட்ஸ்வில். தூரத்தை அளந்தார்கள். 105 மைல் வந்தது. மனு தள்ளுபடி; மேல்முறையீடும் தள்ளுபடி. ஐந்து மைல், நடுவர் அவர்களே! அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை.

அதே ஆண்டு லூக் ஃபோர்ட், ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து சொந்த மாநிலமான இல்லினாயின் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். உடல்நிலை சரியில்லாத தாத்தா தன் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. ஊர் தெற்குக் கோடியில் கார்ட்டர்வில், பல்கலைக்கழகம் ஷாம்பெயினில். தூரம் நூறு மைலைத் தாண்டியது. போதாததற்குத் தாத்தா ‘நெருங்கிய குடும்பம்’ என்ற பட்டியலிலேயே இல்லை. ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவருக்குப் பேரன் மேல் பாசம் செல்லாது என்று சொன்ன கதைதான். இதில் இன்னொரு வேடிக்கை. அதே ஜார்ஜியா அணியிலிருந்து ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போன குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்கு அதே ஆண்டு பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. அவர் சொன்ன காரணம் வேறு, நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனால் ஒரே அணியிலிருந்து போன இருவரில் ஒருவர் ஆடுகிறார், தாத்தாவுக்காக வந்தவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால், விசாரணை எதைச் சாதித்தது?

2021-இல் முதல் மாற்றத்துக்குக் காத்திருப்பு வேண்டாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். இரண்டாவது மாற்றத்துக்கு மட்டும் விசாரணை தொடர்ந்தது. அதில் சிக்கியவர் டெஸ் வாக்கர். சார்லட்காரர். முதலில் சேர்ந்த வட கரோலைனா சென்ட்ரல், கொரோனாவால் 2020 சீசனையே ரத்து செய்தது. அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பிறகு ஒஹையோவின் கென்ட் ஸ்டேட். அங்கிருந்து வீட்டுக்குக் காரில் ஏழெட்டு மணி நேரம்; பாட்டியால் வந்து பார்க்க முடியவில்லை. 2023 ஜனவரியில் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலைனாவுக்கு வந்தார். அதே மாதம் என்சிஏஏ இரண்டாவது மாற்றத்துக்கான விதியை இறுக்கியது. முதல் நான்கு ஆட்டங்கள் போயின. ஊரே சத்தம் போட்ட பிறகு அக்டோபர் 5-இல் அனுமதி வந்தது. அக்டோபர் 14-இல் மயாமிக்கு எதிராக பந்தைப் பிடித்து 132 யார்டு முன்னேற்றம், மூன்று டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது). அடுத்த ஆண்டு தொழில்முறை அணியான பால்டிமோர் ரேவன்ஸ் அவரை எடுத்தது. அந்த நான்கு ஆட்டங்களை யார் திருப்பித் தருவார்?

கடைசியில் மாநிலங்கள் வழக்குப் போட்டு, 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியா கூட்டாட்சி நீதிமன்றம் இந்த விதிக்குத் தடை விதித்தது. 2024 ஏப்ரலில் என்சிஏஏவே இறங்கி வந்தது: படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம்.

“அப்படியானால் பையன்கள் படிப்பைக் கோட்டைவிடுவார்களே” என்றார் எதிரணித் தலைவர். இந்த இடத்தில் அவர் பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து பாட்டியின் மருத்துவச் சான்று அல்ல, கிரெடிட் (முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் அலகு) கணக்கு. நெடுநாளாக இருந்துவரும் விதி: மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும், நான்காம் ஆண்டுக்கு 60, ஐந்தாம் ஆண்டுக்கு 80. 120 கிரெடிட் பட்டத்தில் 72 முடித்த ஒருவன் நான்காம் ஆண்டுக்குச் சரியாக 60 சதவீதத்தில் நிற்கிறான். புதிய பல்கலைக்கழகம் அவனுடைய புதிய பட்டத்துக்கு 54-ஐத்தான் ஏற்கிறது என்று வையுங்கள். 45 சதவீதம். தீர்ந்தது, ஆட முடியாது. பையன் சோம்பேறி இல்லை. படித்த பாடம் அந்தப் பட்டத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. பையன்கள் எத்தனை கிரெடிட் மாறியது என்று கேட்டு நிம்மதியடைவார்கள். எத்தனை *பட்டத்துக்குச் சேர்ந்தது* என்று கேட்பதில்லை. பல பல்கலைக்கழகங்கள் பாட இணை அட்டவணையை (வேறு கல்லூரியின் எந்தப் பாடம் இங்கே எதற்குச் சமம் என்ற பட்டியலை) எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. புதிய அணியோடு பேச்சு தொடங்கும் முன்பே பையன் மதிப்பெண் பட்டியலை அதனோடு ஒத்துப் பார்க்கட்டும். குறைகிறதா? கோடைக்கால வகுப்பில் அடைக்கட்டும், இல்லையென்றால் மேஜரை (முதன்மைப் பாடத்தை) மாற்றட்டும்.

அடுத்தது தேதி. பழைய அணியின் கம்ப்ளையன்ஸ் (விதிகளைக் கண்காணிக்கும்) அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டு வேலை நாளுக்குள் அவர்கள் பெயரை டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (மாற விரும்புவோரின் இணையப் பட்டியலில்) ஏற்ற வேண்டும். அதற்கு முன் புதிய கோச் பேசினால் அது விதிமீறல். 2026-இல் ஃபுட்பாலுக்கான கெடு ஜனவரி 2 முதல் 16 வரை இருந்தது. கெடுவுக்குள் பெயர் கொடுத்தால் போதும், எங்கே சேர்வது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். ஆனால் பல இடங்களில் ஜனவரி நடுவிலேயே வகுப்பு தொடங்கிவிடும். கடைசி நாளில் பெயர் கொடுத்தவனுக்கு அந்த செமஸ்டரே நழுவும்; புதிய அணியோடு வசந்தகாலப் பயிற்சியும் போகும். இன்னொன்று, பெயர் கொடுத்துவிட்டால் பழைய பல்கலைக்கழகம் அடுத்த செமஸ்டரிலிருந்து ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம். வீட்டருகே இருக்கும் அணிக்கு அவன் ஆடும் இடத்தில் ஆள் தேவையில்லை என்றால், பையன் நடுத்தெருவில் நிற்பான்.

பாருங்கள் நடுவர் அவர்களே, இவ்வளவு ஆபத்தையும் தலையில் தூக்கிக்கொண்டுதான் ஒருவன் வீட்டுப் பக்கம் வருகிறான். இதற்கு மேல் அவனிடம் என்ன ஆதாரம் வேண்டும்?

“பணத்துக்காகப் போகிறவன் குடும்பத்தைச் சாக்குச் சொல்வான்” என்றார்கள். இன்றைக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். பணத்துக்காகப் போகிறவன் பணத்துக்காகவே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். காரணம் கேட்பதை நிறுத்தியதும் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் நின்றது!

அணி விசுவாசம் என்று உருகினார்களே, அதற்கும் ஒரு வார்த்தை. 2021 நவம்பர் கடைசியில் கோச் லிங்கன் ரைலி ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை விட்டு யுஎஸ்சி என்ற தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த ஓரிரு நாளில் கோச் பிரையன் கெல்லி நோட்ரடேமை விட்டு எல்எஸ்யு என்ற லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்; அவர் விட்டுப்போன அணிக்கு பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிச் சுற்று) வாய்ப்பே இன்னும் முடிந்திருக்கவில்லை. இருவரிடமும் யாரும் மைல் கணக்கு கேட்கவில்லை, ஓர் ஆண்டு உட்காரச் சொல்லவில்லை. எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: கோச்சிடம் கேட்காத சான்றிதழை, இருபது வயதுப் பையனிடம் எந்த விதிப்படி கேட்கப் போகிறீர்கள்?

நன்றி, வணக்கம்.