கழற்றக் கழற்ற இறுகும் நட்டு

(டெட்ராய்ட் பக்கம் ஒரு தமிழ்க் கூட்டத்தில் பேசியது. பேச்சு போன போக்கிலேயே எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஹாலில் பாதிப் பேராவது கார் கம்பெனியிலோ அதற்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் இடத்திலோ வேலை பார்ப்பவர்கள், அதனால் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. நான் பேச வந்தது பழைய கார் பைத்தியங்களைப் பற்றி. பழைய அமெரிக்கக் கார் வைத்திருக்கும் பெரியவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பக்கத்தில் கொஞ்சம் நின்று காது கொடுத்துப் பாருங்கள். எத்தனை குதிரைசக்தி, என்ன வேகம் என்பதெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஒரு மணி நேரம் ஓடுவது அந்தக் கார் அவர்களைப் படுத்திய பாடுதான், அதையும் பேரன் செய்த சேட்டையைச் சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அதில் கட்டாயம் வருவது இடது பக்க நட்டு. சுமார் 1970 வரைக்கும் கிரைஸ்லர் கம்பெனியின் கார்களில், அதாவது பிளைமவுத், டாட்ஜ் போன்றவற்றில், இடது பக்கச் சக்கரத்து நட்டுகளுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப் பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுற்றுகிற சுற்றில் நட்டு தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்பது அவர்கள் போட்ட கணக்கு. அடையாளத்துக்கு போல்ட் நுனியில் 'எல்' என்று ஓர் எழுத்தும் அடித்திருக்கும், ஆனால் துருவும் சேறும் ஏறிய பிறகு அது யார் கண்ணில் படும்? ராத்திரி நேரத்தில், மழையில், ஸ்டெப்னி மாற்ற இறங்கியவர் வழக்கம்போலத் திருப்புவார், நட்டு இன்னும் இறுகும், துரு பிடித்திருக்கிறது போல என்று ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதிப்பார், போல்ட் முறிந்து கையோடு வந்துவிடும். பிளைமவுத் வைத்திருந்த ஆளிடம் இதைப் பேச்செடுத்தால் அவர் உடைத்த கதை ஒன்று, அவருடைய மச்சான் உடைத்த கதை ஒன்று என்று வரிசையாக வரும்.

எல்லாருக்கும் பொதுவான ஏற்பாடு என்று அப்போது பல விஷயங்களில் எதுவுமே கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குச் சரி என்று பட்டதைச் செய்தது, காரை வாங்கியவன் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஃபோர்டின் மாடல் டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்ற கார் அது, ஆனால் இன்றைக்கு உங்களில் ஒருவரை அதில் உட்கார வைத்தால் தெரு முனை வரை போக மாட்டீர்கள். மூன்று பெடல் இருக்கும். வலது ஓரத்தில் இருப்பது ஆக்சிலரேட்டர் இல்லை, பிரேக். நடுவில் இருப்பது ரிவர்ஸ். இடது பெடலை முழுக்க மிதித்தால் முதல் கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், விட்டுவிட்டால் டாப் கியர். கிளட்ச் என்று நினைத்து அதை அழுத்தி மிதிக்கிற ஆளுக்கு வண்டி நிற்பதற்குப் பதில் முதல் கியரில் விழுந்து இழுக்கும். ஆக்சிலரேட்டர் எங்கே என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது கைப் பக்கம் ஒரு சின்ன லீவர். இடது கைப் பக்கத்து லீவர் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதற்கு. அதைச் சரியான இடத்துக்கு ஏற்றி வைக்க மறந்து, முன்னால் போய் ஹாண்டில் போட்டுச் சுற்றினால் எஞ்சின் பின்னால் உதைக்கும், மணிக்கட்டு போய்விடும். கட்டை விரலை ஹாண்டிலைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற விரல்கள் பக்கமே வைத்துக்கொள் என்று அப்பாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது இதனால்தான்.

பெரும்பாலான மாடல் டி-களில் பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக இறங்கி எஞ்சினுக்குப் போக வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்து, செங்குத்தான மேடும் வந்தால் எஞ்சின் டேங்கை விட உயரத்துக்குப் போய்விடும், வண்டி மூச்சு முட்டி நின்றுவிடும். அதற்கு அந்தக் காலத்து ஆட்கள் கண்டுபிடித்த வழி, வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மலை ஏறுவது! ரிவர்ஸ் கியரில் இழுவையும் கூடுதல், அதனால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

சரி, அது ரொம்பப் பழசு. ஐம்பதுகளுக்கு வருவோம், பெரியவர்கள் குரல் உயர்வது இங்கேதான். ப்யூக் கார்களில் சாவியைத் திருப்பி வைத்துவிட்டு ஆக்சிலரேட்டரைக் கடைசி வரை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது மிதித்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எஞ்சின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடமே செல்ஃபை வேலை செய்ய விடாமல் பார்த்துக்கொள்ளும். கெட்டிக்காரத்தனம்தான். கிரைஸ்லர் 1956 மாடல் முதல் 1964 வரை கியர் லீவரையே எடுத்துவிட்டு, டேஷ்போர்டில் டைப்ரைட்டர் கட்டைகள் மாதிரி பட்டன் வைத்தது. உள்ளே வெறும் கேபிள், அதனால் ஒழுங்காக வேலை செய்தது. இதைப் பார்த்து ஃபோர்டுக்கு ஆசை வந்து, 1958 எட்செல் காரில் பட்டன்களைக் கொண்டுபோய் ஸ்டீயரிங் நடுவில், எல்லாரும் ஹாரன் தேடுகிற இடத்தில் வைத்தார்கள். கேபிளும் இல்லை, கியரை மாற்ற ஒரு மின்சார மோட்டார். சரிவில் நிறுத்திய வண்டியைப் பார்க் நிலையிலிருந்து வெளியே எடுக்க அந்த மோட்டாருக்குத் தெம்பு போதவில்லை. ஒரே வருடத்தில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். என்னைக் கேட்டால் எல்லாரும் செய்வதுபோல் எட்செலின் முகத்தை, அதாவது முன்பக்க கிரில்லைக் கேலி செய்வதை விட இந்த மோட்டாரைக் கேலி செய்வதுதான் நியாயம்.

மழை வந்தால் வைப்பர். அதையும் எஞ்சினின் வெற்றிடத்திலேயே ஓட்டினார்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வெற்றிடம் குறையும், வைப்பர் சோர்ந்து நிற்கும். அதாவது மழையில் முன்னால் போகும் லாரியை முந்த நீங்கள் அழுத்துகிற அந்தக் கணத்தில், லாரி வாரி அடிக்கும் தண்ணீரில், கண்ணாடி துடைப்பது நின்றுவிடும். காலை எடுத்தால் வைப்பர் பேய் பிடித்ததுபோல் அடிக்கும். மற்றவர்கள் மின்சார மோட்டாருக்கு மாறிய பிறகும் அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனி எழுபதுகளின் ஆரம்பம் வரை இதை விடவில்லை. வெயில் காலத்தில் வேறு கஷ்டம். சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். அதற்கு மருந்தாக துணி காயப்போடும் மரக் கிளிப்பை வரிசையாக பெட்ரோல் குழாயில் மாட்டி வைப்பார்கள். அதனால் பயன் உண்டா இல்லையா என்று இன்று வரை சண்டை. எனக்கு நம்பிக்கையில்லை, கிளிப் மாட்டி முடிப்பதற்குள் எஞ்சின் ஆறிவிடுகிறது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன், ஆனால் இதை வெளியில் சொல்லாதீர்கள்.

அப்புறம் செவ்ரலே வேகா. 1970இல் வந்த சின்னக் கார். ரயிலில் அனுப்பும் செலவைக் குறைக்க, கார்களை மூக்கு கீழே பார்க்கச் செங்குத்தாக நிறுத்தி அடுக்கினார்கள். வழக்கமாகப் பதினெட்டு கார் ஏறும் ரயில் பெட்டியில் முப்பது. செங்குத்தாக நிற்கும்போது ஆயில் வழியாமல் எஞ்சினுக்குள் தடுப்பு, ஆசிட் கொட்டாமல் பேட்டரி மூடிகளை இடம் மாற்றியது, வைப்பர் தண்ணீர் பாட்டிலைக்கூடச் சாய்த்து வைத்தது என்று அத்தனையும் யோசித்திருக்கிறார்கள். இவ்வளவு மூளையைச் செலவழித்தவர்கள், அலுமினிய எஞ்சினில் சிலிண்டருக்கு இரும்பு உறை போடாமல் விட்டார்கள். கொஞ்சம் சூடேறினால் வளைந்தது, ஆயிலைக் குடித்தது. வண்டி துரு வேறு பிடித்தது. ஊர் வந்து சேருவதற்குச் செய்த ஏற்பாடு, வந்து சேர்ந்த பிறகு ஓடுவதற்குச் செய்ததை விட மேல்!

இந்த இடத்தில் பெரியவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. "என்ன இருந்தாலும் அந்தக் காலத்து இரும்பு இரும்புதான், இப்போதைய கார் தகர டப்பா" என்பார்கள். 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் நிறுவனம் ஒரு 1959 செவ்ரலே பெல் ஏரையும் ஒரு 2009 செவ்ரலே மாலிபுவையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோத விட்டது. மாலிபுவில் ஆளுக்குப் பதில் உட்கார வைத்த சோதனைப் பொம்மைக்குக் காலில் அடி. பெல் ஏரில் மனிதன் உட்கார்ந்திருந்தால் செத்திருப்பான், உட்காரும் இடமே நசுங்கிப் போனது. இதைச் சொன்னால் உடனே, அந்தப் பெல் ஏரில் எஞ்சினே இல்லை, எல்லாம் துருப்பிடித்த வண்டி என்பார்கள். எஞ்சின் இருந்தது, ஆறு சிலிண்டர் எஞ்சின். இரும்பு கெட்டியாக இருந்தால் போதாது, அடியை வாங்கிக்கொண்டு நசுங்க வேண்டிய இடம் நசுங்க வேண்டும், அது இங்கே வேலை பார்க்கும் உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

ஆட்டோமேட்டிக் கார்களில் ரிவர்ஸுக்கும் முன்னால் ஓடுகிற கியருக்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும் என்று அரசு விதி வந்தது 1968 மாடல்களிலிருந்து. அதற்கு முன்னால் சில கார்களில் முதல் கியருக்குப் பக்கத்திலேயே ரிவர்ஸ் இருந்தது. பனியில் மாட்டினால் முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க வசதி என்று இன்னும் அதைப் புகழ்கிறவர்கள் உண்டு. வசதிதான், வீட்டுக் கராஜின் சுவர் தப்பும் வரை. ஆனால் அரசும் சில சமயம் அளவு மீறும். 1974 மாடல்களில் சீட் பெல்ட் போடாவிட்டால் கார் ஸ்டார்ட்டே ஆகாது என்று வைத்தார்கள், பக்கத்து சீட்டில் காய்கறிப் பை இருந்தால் அதற்கும் பெல்ட் போட வேண்டியிருந்தது. அந்த வருடமே நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டது.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலம் போவது உங்களுக்குத் தெரியும், 1995 முதல் நடக்கிறது. போனால் கார் மேல் சாயாதீர்கள், பேன்ட் பக்கிள் பெயின்டைக் கீறும், அதற்கப்புறம் உங்களோடு யாரும் பேச மாட்டார்கள். என்ன விலை போகும் என்றும் கேட்காதீர்கள். இந்த வண்டி எங்கே உங்களை நடுரோட்டில் நிறுத்தியது என்று கேளுங்கள், நாற்காலி எடுத்துப் போட்டு உட்கார வைப்பார்கள். மைல் மீட்டரில் ஐந்து இலக்கம்தான் இருக்கும், ஒரு லட்சம் தாண்டினால் மறுபடி சைபர். ஒரு சுற்றா, இரண்டு சுற்றா என்று கேட்டீர்கள் என்றால் விஷயம் தெரிந்த ஆள் என்று மரியாதை கூடும்.

இப்போது கேள்விகள் கேட்கலாம். செவ்ரலேயின் கோர்வேர் காரைப் பற்றிக் கேட்கிறவர்கள் மட்டும் கடைசியில் கேளுங்கள். முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26 பவுண்டு என்று காற்று அடிக்கச் சொன்ன கார் அது, பெட்ரோல் பங்கில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு அடித்துவிட்டதில் தொடங்கி, அந்தக் கார் ஆபத்தானது என்று புத்தகம் எழுதிய ரால்ஃப் நாடெர் வரை பேச்சு போகும், ஹாலை எட்டரைக்குக் காலி செய்ய வேண்டும்.